எலும்பு சொல்லும் வயது, சட்டம் கேட்கும் தேதி

புது தில்லி: சிறுமிகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றங்களில், அரசுத் தரப்புச் சாட்சிகள் பட்டியலில் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவரின் பெயர் தவறாமல் இடம்பெறுவது வழக்கம். அவர் சம்பவத்தைப் பார்த்தவர் அல்லர். பாதிக்கப்பட்ட சிறுமியின் முகம்கூட அவருக்கு நினைவிருக்காது. பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து, அதிலுள்ள ஒரு தேதியைப் படித்துவிட்டுச் செல்வதே அவருக்கு இடப்பட்ட பணி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரை நெடுநேரம் நிறுத்திவைப்பதில்லை. இந்தத் தேதியைச் சொன்னவர் யார்? எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள்? பதிவை எழுதிய ஆசிரியர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். "எனக்குத் தெரியாது, பதிவேட்டில் உள்ளதைச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் இவரால் எதுவும் கூற இயலாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 20 ஆண்டுச் சிறையா, விடுதலையா என்பது பல வழக்குகளில் இந்தச் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

வயதுப் படிகள்: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) 2012 நவம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைவடையாத அனைவரும் அதன்படி குழந்தைகள். குழந்தை தந்ததாகக் கூறப்படும் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, பலாத்காரத்துக்கு ஒப்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்கு உட்பட்டவர் எனில் 20 ஆண்டுகள். 12 வயதுக்கு உட்பட்டவர் எனில் மரண தண்டனை வரை விதிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 12, 16, 18 என்ற இதே மூன்று படிகளின் மீதே கட்டப்பட்டுள்ளது. கும்பல் பலாத்காரத்தில் மரண தண்டனைக்கு வழிவகுக்கும் வயது வரம்பு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 12ஆக இருந்தது. புதிய சட்டத்தில் அது 18ஆக உயர்த்தப்பட்டுள்ளது. அதாவது, பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிறைந்துவிட்டதா இல்லையா என்ற கேள்வி இன்று சிலரது உயிர் தொடர்பான கேள்வியாகவும் ஆகிவிட்டது.

போக்சோ நிர்ணயித்த குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே இறங்க விசாரணை நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 16 வயது நிறைவதற்கு முந்தைய நாளில் குற்றம் நிகழ்ந்தால் 20 ஆண்டுகள். மறுநாள் நிகழ்ந்தால் 10 ஆண்டுகள். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் அந்தத் தேதியை எவ்வாறு நிரூபிப்பது?

இதற்குப் போக்சோ சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. ஒருவர் குழந்தையா என்ற கேள்வி எழுந்தால், வயது குறித்துச் சிறப்பு நீதிமன்றம் தன்னைத் திருப்திப்படுத்திக்கொண்டு, காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 34ஆவது பிரிவு. எந்த ஆவணத்துக்கு முதலிடம், ஆவணம் இல்லையேல் என்ன செய்வது என்பன பற்றி அது வாய் திறப்பதில்லை. கதுவா, உன்னாவ் சம்பவங்கள் எழுப்பிய கொந்தளிப்புக்குப் பின் 2018இல் குற்றவியல் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. அடுத்த ஆண்டு போக்சோவைத் திருத்தியது. இரு முறையும் தண்டனை ஏறியது. வயதை நிரூபிக்கும் வழி குறித்து ஒரு வரிகூடச் சேரவில்லை.

இரவல் அளவுகோல்: சட்டம் விட்ட இடைவெளியை நீதிமன்றங்களே நிரப்பின. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் 2007இல் வகுக்கப்பட்ட விதிகளில் 12ஆவது விதி, குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் வயதைக் கண்டறியும் முறையைக் கூறியது. ஹரியாணாவைச் சேர்ந்த ஒரு பலாத்கார வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த விதி சட்டத்துடன் மோதிய சிறார்களுக்கானதே என்றாலும், குற்றத்துக்கு இரையான குழந்தைக்கும் அதையே பின்பற்றலாம் என்றது. குழந்தைப் பருவம் என்ற அளவில் இருவருக்கும் வேறுபாடு இல்லை என்பது நீதிபதிகள் கூறிய காரணம்.

அந்த விதியின் இடத்தில் இன்று இருப்பது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு. பள்ளி வழங்கிய பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ் முதலில். அவை இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை அல்லது வேறு நவீன மருத்துவப் பரிசோதனை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. "சாட்சியம் அளிப்பதற்காக அன்றி" முன்னிறுத்தப்படும் நபரைப் பற்றியதே இப்பிரிவு என்று அதன் தொடக்க வாசகம் கூறுகிறது. சாட்சியம் அளிக்கவே அழைத்துவரப்படும் சிறுமிக்கு இதே பிரிவைத்தான் நாடெங்கும் நீதிமன்றங்கள் பயன்படுத்துகின்றன.

பழைய விதிக்கும் புதிய பிரிவுக்கும் இடையே ஒரு சொல் மாற்றமும் நிகழ்ந்தது. குழந்தை முதன்முதலில் சேர்ந்த பள்ளியின் பிறந்த தேதிச் சான்றிதழைப் பழைய விதி தனியாகக் குறிப்பிட்டிருந்தது. புதிய பிரிவில் "முதன்முதலில் சேர்ந்த" என்ற சொற்கள் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்த ஒரு வழக்கில், எந்தப் பள்ளி ஆவணம் செல்லும் என்பதே மையக் கேள்வி ஆயிற்று.

தமிழக வழக்கு: அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் குற்றவாளி என்று விசாரணை நீதிமன்றம் தீர்த்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பெண்ணின் வயதுக்கு அரசுத் தரப்பு காட்டிய ஆதாரம் பள்ளி மாற்றுச் சான்றிதழும் பள்ளிப் பதிவேட்டின் நகலும்தான். அவற்றின்படி அவர் 18 வயதுக்கு உட்பட்டவர். ஆனால் மருத்துவப் பரிசோதனை அவரது வயதை 18க்கும் 20க்கும் இடைப்பட்டதாகக் கூறியது. தாமே விரும்பிச் சென்றதாக அப்பெண் மாஜிஸ்திரேட்டிடம் கூறியிருந்தார்.

2023 ஜூலை 18ஆம் தேதி இந்த வழக்கில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோரைக் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 94ஆவது பிரிவு குறிப்பிடும் ஆவணம் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது என்று கூறி, இளைஞரை விடுவித்தது.

தமிழ்நாட்டில் மாற்றுச் சான்றிதழ் என்றால் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் காகிதம். பல குடும்பங்களில் பிள்ளையின் பிறந்த தேதியைத் தாங்கியிருக்கும் ஒரே காகிதமும் அதுதான். காவல் நிலையங்களில் வழக்குக் கட்டில் முதலில் கோக்கப்படுவதும் அதுவே. அந்தக் காகிதத்தை மட்டும் நம்பிக் கட்டப்பட்ட வழக்குகளை இத்தீர்ப்பு ஆட்டங்காணச் செய்தது. காதலித்து உடன்போன இளம்பெண்ணின் வழக்கில் இது நீதியாகத் தோன்றலாம், தோன்றுவதில் தவறில்லை. ஆனால் சான்றுச் சட்டத்துக்கு வழக்குகளின் முகம் தெரியாது. உறவினரால் சீரழிக்கப்பட்ட சிறுமியின் மாற்றுச் சான்றிதழும் இதே தராசில்தான் வைக்கப்படும்.

பள்ளி ஆவணத்தை நீதிமன்றங்கள் ஐயத்துடன் நோக்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச்சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்ட காலம் தமிழகத்தில் மிகப் பழையதன்று. வட மாநிலக் கிராமங்களிலும் பெற்றோர் உத்தேசமாக ஒரு வயதைச் சொல்ல, பள்ளி தொடங்கும் மாதத்தை ஒட்டி ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டதுண்டு. அரசு வேலைக்குப் பின்னாளில் உதவட்டும் என்று ஓரிரு ஆண்டுகளைக் குறைத்து எழுதச் சொல்லும் பெற்றோர் எல்லா ஊர்களிலும் உள்ளனர்.

பதிவேட்டிலுள்ள தேதியை யார் சொன்னது, எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்று நிரூபிக்கப்படாவிட்டால் அதற்கு மதிப்பில்லை என உச்ச நீதிமன்றம் 1988இல் வகுத்தது. பாலியல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அத்தீர்ப்பு பிறந்தது ஒரு தேர்தல் வழக்கில்! 1985 ராஜஸ்தான் சட்டப்பேரவைத் தேர்தலில் போட்டியிட முன்வந்தவர்களுக்கு 25 வயது நிறைந்துவிட்டதா என்பதே அங்கு சர்ச்சை. சட்டப்பேரவைக்குப் போட்டியிடுபவர் தம் வயதைக் காட்ட ஆவணம் தேடிக்கொள்ளலாம். பத்து வயதுச் சிறுமியிடம் அதே கண்டிப்புடன் ஆவணம் கேட்பது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சட்ட அறிஞர்கள் யோசிக்க வேண்டும்.

எக்ஸ்-ரே காட்டும் கணக்கு: ஆவணம் எதுவும் நிற்காதபோது சிறுமி அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு ஆகிய இடங்களில் எக்ஸ்-ரே எடுத்து, வளர்ச்சிக் காலத்தில் தனித்திருக்கும் எலும்பு முனைகள் எந்த அளவுக்கு ஒன்றுசேர்ந்துள்ளன என்று பார்க்கின்றனர். பற்களும் பார்க்கப்படுகின்றன. எலும்பு முனைகள் ஒன்றுசேரும் பருவம் ஆளுக்கு ஆள் மாறும். ஊட்டக் குறைவும் நோயும் அதை மேலும் மாற்றும். ஆகவே மருத்துவர் தருவது தேதி அன்று, ஒரு வரம்பு: 14 முதல் 16 வரை, 16 முதல் 18 வரை என்பதுபோல. இரு புறமும் இரண்டு ஆண்டு வரை பிழை நேரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இலேயே பதிவு செய்துள்ளது.

வரம்பின் எந்த முனையை எடுத்துக்கொள்வது? இதற்கு விடை கேட்டுத் தில்லியின் செஷன்ஸ் நீதிமன்றம் ஒன்று உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிபதிகள் சுரேஷ் குமார் கைத், மனோஜ் ஜெயின் அமர்வு 2024 ஜூலை 2ஆம் தேதி அளித்த பதில் இது: போக்சோ வழக்கில் எலும்புப் பரிசோதனை கூறும் வரம்பின் மேல் எல்லையையே பாதிக்கப்பட்டவரின் வயதாகக் கொள்ள வேண்டும், அதனுடன் பிழைக்கான இரண்டு ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற அடிப்படை விதியின் மீது நின்ற பதில் அது.

சட்ட தருக்கத்தில் குறை காண்பது கடினம். ஒருவரை 20 ஆண்டுகள் சிறையில் அடைப்பதற்கு முன் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் கேட்பதுதான் நாகரிக சமுதாயத்தின் முறை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மருத்துவர் 14 முதல் 16 வரை என்று எழுதினால், மேல் எல்லை 16, அதனுடன் இரண்டு, ஆக 18. அவர் குழந்தை அல்லர். 12 முதல் 14 வரை என்று எழுதினால் 16. 20 ஆண்டுத் தண்டனைக்கான படியிலிருந்து அவர் நழுவிவிடுகிறார். ஆவணமற்ற சிறுமிக்குச் சட்டம் வகுத்த 18 என்ற வரம்பு, நடைமுறையில் ஏறத்தாழ 14 என்று சுருங்குகிறது.

இதே எக்ஸ்-ரே ஒரு சிறுவனுடையதாக இருந்து, அவன் கூண்டில் நிறுத்தப்பட்டிருந்தால் கதை வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் சிறாரா என்பதில் இரு கருத்துகளுக்கு இடமிருந்தால், சிறார் என்று கொள்வதன் பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே கூறியது. 2007ஆம் ஆண்டு விதியோ, வயதைக் குறைந்த பக்கத்தில் ஓர் ஆண்டு வரை தள்ளிக் கணக்கிடவும் இடம் தந்தது. 17 முதல் 19 வரை என்று ஒரே மாதிரி மருத்துவ அறிக்கை பெற்ற இருவரில், குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் 17 வயதினனாகவும், பாதிக்கப்பட்ட சிறுமி 21 வயதுப் பெண்ணாகவும் ஆகலாம். இரு முடிவுகளையும் இணைக்கும் நூல் ஒன்றே: ஐயம் எழுந்தால் அது கூண்டில் நிற்பவருக்குச் சாதகம். இரவல் வாங்கிய அளவுகோல் பாதிக்கப்பட்டவரின் கைக்கு வரும்போது மறுபக்கம் வளைவது இதனால்தான்.

வயது நிரூபணம் ஆகவில்லை என்றால் வழக்கு முழுவதும் முடிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. வயது வந்த பெண்ணுக்கு எதிரான பலாத்காரமாக அதைத் தொடரலாம். ஆனால் அதுவரை எழாத கேள்வி ஒன்று அப்போது எழுகிறது: அவள் சம்மதித்தாளா? சிறுமி என்ற நிலையில் கேட்கத் தேவையில்லாத அந்தக் கேள்விக்கு, பெண் என்ற நிலையில் அவள் பதில் கூற வேண்டும். பல மாதங்களுக்கு முன் பதிவான வாக்குமூலத்தில் அதற்குரிய பதில் இருக்கிறதா என்றும் தேடப்படும்.

பழைய கேள்வி: இந்தச் சிக்கல் புதியதன்று. 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது 10. கல்கத்தாவில் கணவனால் உயிரிழந்த சிறுமி ஒருத்தியின் வழக்கு 1890இல் நடந்தபோது, அவள் 10 வயதைக் கடந்துவிட்டதால் பலாத்காரக் குற்றம் பொருந்தவில்லை. கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். மறு ஆண்டே வயது 12ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் 1925இல் 14, 1949இல் 16, போக்சோவுடன் 18. மனைவிக்கு மட்டும் 15 என்றிருந்த விலக்கை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18ஆக உயர்த்திப் பொருள்கொண்டது.

வரம்பு ஏற ஏற, அதன் இரு பக்கத்திலும் நிற்பவர்களைப் பிரித்தறிவதும் கடினமாயிற்று. பத்து வயதுச் சிறுமியைக் கண்ணால் பார்த்தே அறியலாம். பதினேழரைக்கும் பதினெட்டரைக்கும் இடையே காகிதம்தான் சாட்சி. 16 முதல் 18 வயது வரையானவர்களின் சம்மதத்துக்கு ஓரளவு இடம் தரும் பிரிவு, 2011இல் அறிமுகமான போக்சோ மசோதாவில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைப்படி அது நீக்கப்பட்டது. சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், ஆனால் இந்த வயதினர் வழக்குகளில் தண்டனை விதிப்பில் நீதிபதிக்கு நெறிப்படுத்தப்பட்ட விருப்புரிமை தரலாம் என்று சட்ட ஆணையம் 2023இல் தன் 283ஆவது அறிக்கையில் கூறியது. அந்த விருப்புரிமை இல்லாத நிலையில், காதல் வழக்கில் கருணை காட்ட விரும்பும் நீதிபதிக்கும் வயதுச் சான்றைத் தட்டிக்கழிப்பதே கைக்கெட்டும் வழியாக இருக்கிறது. அவ்வாறு உருவாகும் முன்னுதாரணம் பிறகு கொடிய வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பிறந்த தேதியைத் தவிர வேறெந்த வயதையும் சட்டம் ஏற்காது என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட, 38 வயதாகியும் மனவளர்ச்சியில் ஆறு வயதுக் குழந்தையை ஒத்த ஒரு பெண் பலாத்காரத்துக்கு உள்ளான வழக்கில், அவரைப் போக்சோ சட்டப்படி குழந்தையாகக் கருத வேண்டும் என்று கோரப்பட்டது. 2017 ஜூலையில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ரோஹிண்டன் நரிமன் அமர்வு அதை ஏற்கவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. குற்றம் சாட்டப்பட்டவர் அதற்குள் இறந்துவிட்டதால், பெண்ணுக்கு உச்ச அளவு இழப்பீடு வழங்க மட்டும் உத்தரவிடப்பட்டது.

விசாரணை அதிகாரி முதல் வாரத்திலேயே முனைந்தால் பல வழக்குகளில் ஆவணம் கிடைக்காமல் போவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2003இல் நிகழ்ந்த ஒரு குற்றம் இதற்குச் சான்று. பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்தன. இரண்டுக்கும் இடையே வேறுபாடு வெறும் இரண்டு நாள்கள்! அந்த இரண்டு நாள்களைக் காட்டி ஆவணங்களை ஒதுக்கி, எலும்புப் பரிசோதனையை நம்பி உயர் நீதிமன்றம் குற்றவாளியை விடுவித்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, ஆவணம் இருக்கும்போது எலும்பை நாட வேண்டியதில்லை என்றது. குற்றத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. இருப்பினும் ஆவணம் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பாவது கிடைத்தது.

பதிவாகாத பிறப்புகள்: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 முதல் உள்ளது. ஆனாலும் 2005-06ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 41 சதவீதத்தினரின் பிறப்பே பதிவாகியிருந்தது. தமிழகத்தில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. பிகார், உத்தரப் பிரதேசத்தில் 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் நாடு முழுவதற்குமான அளவு 89 சதவீதமாக உயர்ந்தது பெரும் முன்னேற்றமே. எனினும் இன்று 16, 17 வயதில் நிற்பவர்கள் இவ்விரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள். நெடுநாள் கழித்துப் பதிவு செய்ய அதிகாரியின் உத்தரவு வேண்டும். குற்றம் நிகழ்ந்த பின் பெற்ற சான்றிதழை நீதிமன்றம் சந்தேகத்துடனேயே பார்க்கும். ஆதார் அட்டையாவது உதவுமா என்றால், அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் கூறிவிட்டது.

பெற்ற தாயின் சொல் 94ஆவது பிரிவின் வரிசையில் எங்கும் இல்லை. மூத்தவளுக்குப் பின் இரண்டு வருடம் கழித்து, வெள்ளம் வந்த ஆண்டில் பிறந்தவள் என்று ஒரு தாய் கூறலாம். வெள்ளம் வந்த ஆண்டு அரசுப் பதிவில் இருக்கும். ஆயினும் அவள் சொன்ன கணக்கு ஆவணம் ஆவதில்லை.

2023இல் நாடாளுமன்றம் பிறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், அரசு வேலை உள்ளிட்டவற்றுக்குப் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழையே இனிக் கொள்ள வேண்டும் என்கிறது அத்திருத்தம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கே அது பொருந்தும். அவர்களில் மூத்த குழந்தைக்கு 12 வயது நிறைவது 2035இல். 18 வயது நிறைவது 2041இல். அதற்கு முன் பிறந்து பதிவாகாத சிறுமிகளுக்காக, பழைய பதிவேட்டுடன் தலைமை ஆசிரியர்கள் இன்னும் பல ஆண்டுகள் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருக்கும்.